விரைவில் கரை திரும்புவார்

சிப்பிமுனை மீனவர் கூட்டுறவு ஒன்றியத்தின் பதினோரு வலைத்தளங்களும் இனி ஒரே குரலில்தான் பேச வேண்டும் என்று நிர்வாகக் குழு கைதூக்கித் தீர்மானம் போட்ட வருஷம், ஆடி முடிந்து ஆவணி பிறந்த வாரத்தில், கடலுக்குப் போய் ஒன்பது வருஷமாகத் திரும்பாத சவரிமுத்து, காலை பத்து மணி பத்து நிமிஷத்துக்கு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு, ஒரு சொட்டு நனையாமல் அலைக்குள்ளிருந்து எழுந்து, ஏலக்கூடத்தைத் தாண்டி, பால்பூத்தைத் தாண்டி நடந்து வந்து, தன் வீட்டு வாசலில் நின்று, மீன் அரிந்துகொண்டிருந்த பெண்டாட்டி பிலோமியைப் பார்த்து, "வணக்கம். தங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி" என்றான். பிலோமி அரிவாள்மணையைச் சாய்த்து வைத்தாள், கையைக் கழுவினாள், "வந்துட்டியளா, உள்ள வாங்க, எம்புட்டு நேரம் வெயில்ல நிப்பிய" என்றாள். பக்கத்து வீட்டுக்காரி ஒரு குடம் தண்ணீர் கூடுதலாகக் கொண்டுவந்து வைத்தாள். அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

கேட்க என்ன இருக்கிறது? கடல் கொண்டுபோகிற ஊர், என்றைக்காவது ஒருநாள் கொண்டுவந்தும் போடும் என்று இருந்துவிட்டார்கள். வந்தவனை விட்டுவிடுவோம், வரவழைத்தவளைப் பற்றிச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. அவள் பெயர் கித்தேரி. வயது முப்பத்தெட்டு, ஒன்றிய அலுவலகத்தில் தப்பில்லாமல் தமிழ் தட்டச்சு செய்யத் தெரிந்த ஒரே ஆள், கட்டியவன் கடலுக்குப் போய் ஆறு வருஷம் ஆகியும் கழுத்தில் கிடந்ததைக் கழற்றாதவள்.

முன்பெல்லாம் அந்தப் பதினோரு தளங்களும் பதினோரு வாயாக இருந்தன. ஐஸ் ஆலைக்கு ஒன்று, டீசல் பங்குக்கு ஒன்று, ஏலக்கூடத்துக்கு ஒன்று, கல்யாண மண்டபத்துக்கு, வானிலைக்கு, கல்லறைத் தோட்டத்துக்கு என்று அவனவன் தோன்றினபோது ஆரம்பித்து, அவனவன் வாய்க்கு வந்தபடி எழுதி வைத்திருந்தான். ஐஸ் ஆலை தொம்மை, "ஐஸ் இல்ல. நாளைக்கு வாங்க. சும்மா சும்மா போன் அடிச்சா ஐஸ் உறையாது" என்று எழுதுவான். வானிலைப் பக்கம் பார்த்த சூசை, "கடல் சரியில்ல. மீறிப் போறவன் பொண்டாட்டி என் வீட்டு வாசல்ல வந்து அழக் கூடாது, சொல்லிப்புட்டேன்" என்று எழுதுவார். திட்டம் கொடுக்க வந்த பெரிய அதிகாரி ஒருவர் இதையெல்லாம் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, செயலாளர் அலங்காரம் பர்னாந்துக்கு முகம் செத்துப் போனது. சென்னையிலிருந்து ஆலோசகர் ஒருவரை வரவழைத்தார். அவர் ஒரு வாரம் தங்கி, நெத்திலி வறுவலை ஒரு கை பார்த்துவிட்டு, அறுபத்து நாலு பக்கத்தில் நடைக் கையேடு என்று ஒன்றை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒரு வாக்கியத்தில் ஒன்பது சொல்லுக்கு மேல் கூடாது. பட்டப்பெயர் கூடாது. வாசகரைத் தாங்கள் என்றுதான் அழைக்க வேண்டும். படம் என்றால் வெள்ளைச் சட்டை, நீலப் பின்னணி. எல்லாவற்றுக்கும் மேலாக, எதிர்மறையாக ஒரு வார்த்தை வரக் கூடாது; இல்லை, முடியாது, வராது, தெரியாது ஒன்றும் ஆகாது, படிக்கிறவர் மனசு நம்பிக்கையோடு திரும்ப வேண்டும். இத்தனை கூடாதுகளை வைத்துக்கொண்டு எதிர்மறை கூடாது என்று சொன்ன கையேட்டைப் பார்த்து ஒருத்தருக்கும் சிரிப்பு வரவில்லை, கெட்டி அட்டை போட்டு அவ்வளவு அழகாக இருந்தது அது.

கித்தேரி அந்தக் கையேட்டை மடியில் விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு தளமாகத் திருத்தினாள். செய்கிற வேலையைத் திருத்தமாகச் செய்கிறவள் அவள், அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. தொம்மையின் வரிகள் "ஐஸ் விரைவில் கிடைக்கும்" என்று ஆயின. சூசையின் எச்சரிக்கை "இன்று கரையில் குடும்பத்தோடு இனிதாக நேரம் செலவிடுங்கள்" என்று ஆனது. சூசை அலுவலகத்துக்கே வந்து மேசையைத் தட்டினார். "ஏட்டி, கடல் கொதிச்சுக்கிட்டுக் கிடக்கு, இப்படி வெத்தலை பாக்கு வச்சு அழைச்சா எவன் பயப்படுவான்?"

"நான் என்ன செய்ய அண்ணே? கையேட்டுல அப்படித்தான் இருக்கு."

பத்துத் தளம் முடிந்து பதினோராவது வந்தது. அது கடலில் காணாமல் போனவர்களின் தளம். இருபத்து மூன்று பேர், ஆளுக்கு ஒரு பக்கம். வீட்டார் சொல்லச் சொல்ல யாராவது எழுதிப் போட்டது. சவரிமுத்துவின் பக்கத்தில் பிலோமி சொன்னது இப்படி இருந்தது: "இவியளுக்கு ஒரு காது கேக்காது, கூப்பிட்டா திரும்ப மாட்டாவ, சின்னக் கல்லா எடுத்து முதுகுல எறிஞ்சாத்தான் திரும்புவாவ, திரும்பினா சிரிப்பாவ, அந்தச் சிரிப்புக்குத்தான் கட்டிக்கிட்டேன், ஒன்பது வருஷமா வரல." கித்தேரி அதைப் படித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், துடைத்துக்கொண்டு, கையேட்டைப் பார்த்து, எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான ஓர் அச்சில் இப்படித் திருத்தினாள்: "திரு. சவரிமுத்து அவர்கள் அனுபவமிக்க மீனவர். நடுத்தர உயரமும் மாநிறமும் கொண்டவர். இனிய சுபாவம் உடையவர். குடும்பத்தை நேசிப்பவர். விரைவில் கரை திரும்புவார்."

அடுத்த நாள் பத்து பத்துக்கு சவரிமுத்து திரும்பினான். அதற்கடுத்த நாள், அவள் திருத்திய இரண்டாவது பக்கத்துக்காரன் வந்தான். மூன்றாவது நாள் மூன்றாவது ஆள். வாரக் கடைசி அலுவலகம் விடுமுறை என்பதால் கடலும் விடுமுறை விட்டது. ஊருக்கு விஷயம் பிடிபட்டதும் பெண்கள் கித்தேரியின் மேசையில் பாரைமீனும் இறாலுமாகக் கொண்டுவந்து வைத்து, "எங்க வீட்டு ஆளை நாளைக்கு வையி தாயி" என்று வரிசையில் நின்றார்கள். ஐந்து வாரத்தில் இருபத்திரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். இருபத்திரண்டு பேரும் நடுத்தர உயரம். இருபத்திரண்டு பேரும் மாநிறம்.

பனைமரம்போல் வளர்ந்து கதவில் முட்டிக்கொள்கிறவன் என்று பேர் வாங்கிய மிக்கேல் கதவு நிலைக்கு ஒரு சாண் கீழே நுழைந்து வந்தான். அவன் பெண்டாட்டி ரோசாரி அதற்குள் வேறொருவனைக் கட்டியிருந்தாள். புதியவன் தலையைச் சொறிந்துகொண்டு, "அண்ணே, கட்டில்ல நீங்க படுங்க, நான் பாய் விரிச்சுக்கிடுதேன்" என்றான். "தங்கள் ஒத்துழைப்பு மகிழ்ச்சி அளிக்கிறது" என்றான் பழையவன். அத்தோடு அந்த வழக்கு முடிந்தது. பங்குச் சாமியார் இறந்தோர் ஏட்டிலிருந்து ஒவ்வொரு பெயராக அடித்துவிட்டு, அடித்த பெயருக்கு எதிரே என்ன எழுதுவது என்று தெரியாமல், "நலம்" என்று எழுதி வைத்தார்.

தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போன ஒருவன் திரும்பும்போது வேறு வீட்டுக்குள் நுழைந்து, அந்த வீட்டில் இரண்டு நாள் இருந்தது, மூன்றாம் நாள் சட்டையைத் துவைத்தவள் அதில் வேறொருத்தி தைத்த பொத்தானைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு பெண்கள் கூடிப் பேசி, ஆளுக்கு ஒரு நிறத்தில் மணிக்கட்டில் நூல் கட்டிவிட்டார்கள், சிவப்பு சவரிமுத்து, பச்சை மிக்கேல். ரேஷன் கடையில் ஒருத்தன் பெருவிரலை வைத்தால் இருபத்திரண்டு கார்டுக்கும் மெஷின் தலையாட்டியது. வேலை மிச்சம் என்று கடைக்காரர் ஒருவனையே உட்காரவைத்து எல்லாருக்கும் சீனி போட்டார். நாவிதர் கத்தரியோடு காத்திருந்து பார்த்து ஓய்ந்து போனார், அவர்களுக்கு முடி வளரவில்லை. நாய்கள் குரைக்கவும் இல்லை, வாலை ஆட்டவும் இல்லை, தெருவின் அடுத்த ஓரத்துக்கு மாறிப் போயின. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து ஒரே சமயத்தில் மூச்சை இழுத்து ஒரே சமயத்தில் விட்டார்கள், பீடத்து மெழுகுதிரிகள் அந்த மூச்சுக்குத் தக்கபடி சாய்ந்தன, நிமிர்ந்தன. சனங்கள் இரண்டு ஞாயிறு அதைப் பார்த்தார்கள், மூன்றாவது ஞாயிறு மெழுகுதிரியைச் சற்றுத் தள்ளி வைத்தார்கள்.

படகுக்காரர்கள்தான் முதலில் கொண்டாடினார்கள். குடிக்காத ஆள், பீடி கேட்காத ஆள், சொன்னதற்கெல்லாம் சரி என்கிற ஆள், வேறென்ன வேண்டும்? சூசையின் மருமகன் நாலு பேரை ஏற்றிக்கொண்டு போனான். கொம்புப்பாறையில் படகு உரசி அடிப்பலகை பெயர்ந்து, நீச்சலடித்துக் கரை சேர்ந்தான். "முன்னால நின்னுக்கிட்டு இருந்தியள, பாறை வருதுன்னு ஒரு வாய் சொல்லக் கூடாதா?" என்று கத்தினான். "முன்னே சிறப்பான வாய்ப்புகள் உள்ளன" என்று நாலு பேரும் சொன்னார்கள். அதிலிருந்து அவர்களை யாரும் கடலுக்குக் கூப்பிடவில்லை. அவர்கள் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வருகிறவர்களுக்கு வணக்கம் சொன்னார்கள்.

இனி கித்தேரியின் வீட்டுக்கு வருவோம். இருபத்து மூன்றாவது பக்கம் அவள் புருஷன் இன்னாசியுடையது, அதை மட்டும் அவள் தொடவில்லை. ஆறு வருஷத்துக்கு முன் அவளே எழுதியது. அதில் இருந்தது இது:

"இன்னாசி. எங்க வீட்டுக்காரர். கோயில்ல எல்லாரும் ஒரு ராகத்துல பாடினா இவியளுக்குத் தனி ராகம், பாட்டு முடிஞ்ச பொறவும் பாடுவாவ. சொன்ன பேச்சு கேக்க மாட்டாவ. ஐப்பசி பதினேழு காலையில, கடல் சரியில்ல போகாதியன்னு தடுத்தேன், சண்டை வந்துச்சு. போறதுன்னா போங்க, திரும்பி வராதியன்னு சொன்னேன். என் பேச்சு ஒண்ணையும் கேக்காத மனுசன், அந்த ஒரு பேச்சை மட்டும் கேட்டுட்டாவ. வரல."

இந்த வரிகளை அழிக்க அவளுக்குக் கை வரவில்லை. ஊர் முழுக்க வெள்ளைச் சட்டைகளைப் பார்க்கப் பார்க்க, தனக்கு வேண்டியது என்ன என்பது அவளுக்குத் தெளிவாகிக்கொண்டே வந்தது: இன்னாசி வந்து தன்னை நாலு ஏச்சு ஏச வேண்டும். வராதேன்னா சொன்ன, உன் வாயில கொள்ளி வைக்க என்று கத்த வேண்டும், அவளும் திருப்பிக் கத்த வேண்டும், கத்தி ஓய்ந்து, பிறகு இருவரும் சோறு தின்ன வேண்டும். பிலோமியைப் போய்ப் பார்த்தாள். பிலோமி வாசலில் உட்கார்ந்திருந்த சிவப்பு நூல்காரனைக் கண்ணால் காட்டி, குரலைத் தணித்துச் சொன்னாள்: "கூப்பிட்டா உடனே திரும்பிப் பாக்குதாவ மைனி. ஒரு கூப்பாடுக்கே திரும்புதாவ." நல்ல செய்தி சொல்கிற முகமாக இல்லை அது.

ஆனால் வீட்டில் மாமியார் யுவானம்மாள் இருந்தாள். ஆறு வருஷமாக மூன்று வேளையும் மகனுக்குத் தட்டு வைக்கிறவள். அவன் பெயரை இறந்தோர் ஏட்டில் எழுத வந்த சாமியாரை வாசலோடு திருப்பி அனுப்பியவள். மகன் வரவில்லை என்ற சொல்லை அவள் வாயால் சொன்னதும் இல்லை, காதால் கேட்டதும் இல்லை. கித்தேரி அந்தப் பக்கத்தை எழுதி வாசித்துக் காட்டிய அன்று, கடைசி வரி வந்தபோது, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். இருபத்திரண்டாவது ஆளும் வந்த பிறகு அவள் கித்தேரியைச் சும்மா விடவில்லை.

"ஊரான் வீட்டுப் பிள்ளைய எல்லாத்தையும் கொண்டாந்து கரையேத்தினியே, உன் புருசனைக் கொண்டுவர மட்டும் உன் கை கூசுதோ?"

"மாமி, வாரது அவிய இல்ல மாமி. நீங்க பாக்கத்தானே செய்திய."

"நொண்டியா வரட்டும், ஊமையா வரட்டும், எம்பிள்ளை எனக்கு எம்பிள்ளைதான். வேண்டாங்கதுக்கு நீ யாருட்டி? அன்னைக்கு வராதேன்னு சொன்னியே, இன்னைக்கும் அதையேதான் சொல்லுத."

நெஞ்சில் கிடந்த முள்ளை மாமியார் சரியாகப் பார்த்து மிதித்துவிட்டாள். கித்தேரி அன்றைக்கு ராத்திரி முழுக்க அழுதாள், காலையில் முகம் கழுவிக்கொண்டு அலுவலகம் போனாள், தனி ராகத்தை அழித்தாள், ஐப்பசி பதினேழை அழித்தாள், சண்டையை அழித்தாள். "விரைவில் கரை திரும்புவார்" என்று தட்டச்சு செய்தாள். அலங்காரம் பர்னாந்து எட்டிப் பார்த்து, "நூறு சதம் ஆயிட்டும்மா" என்று கைகொட்டினார்.

மறுநாள் பத்து பத்துக்கு இன்னாசி வந்தான். யுவானம்மாள் விடிந்ததிலிருந்தே மணலில் நின்றிருந்தாள். அவன் அலைக்குள்ளிருந்து நடந்து வந்ததும் முகத்தைத் தடவினாள், நெற்றியைத் தடவினாள், கன்னத்தைக் கிள்ளி முத்தமிட்டாள், "எம்மவன் வந்துட்டான், பாருங்க, எம்மவன் வந்துட்டான்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். "அம்மா, தாங்கள் நலமாக இருப்பதில் மகிழ்ச்சி" என்றான் அவன். நீல நூல் கட்டினார்கள். அன்றைக்கு அந்த வீட்டில் சீலாமீன் குழம்பும் இறால் தொக்கும் மணத்தன, யுவானம்மாள் ஊட்டியே விட்டாள்.

சாப்பாடு முடிந்து மாமியார் கை கழுவப் போன நேரம் பார்த்து கித்தேரி அவன் எதிரே தரையில் உட்கார்ந்தாள். ஆறு வருஷமாக நெஞ்சுக்குள் சொல்லிச் சொல்லி வைத்திருந்ததைச் சொன்னாள். "அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. கோவத்துல வந்துட்டு. என்னை ஏசுங்க. வாய் வலிக்குமட்டும் ஏசுங்க, நான் கேட்டுக்கிட்டே இருக்கேன்."

அவன் இனிய முகத்தோடு அவளைப் பார்த்தான். "தங்கள் கருத்துக்கு நன்றி. அது பதிவு செய்யப்பட்டது."

கித்தேரி எழுந்து உள்ளே போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள், தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்தாள்.

யுவானம்மாள் கவனித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் நாள் குழம்பில் உப்புப் போடவில்லை. உப்பு ஒரு கல் குறைந்தாலும் தட்டைச் சுழற்றி எறிந்துவிட்டு எழுகிறவன் இன்னாசி. இவன் வழித்துத் தின்றுவிட்டு, "சுவையான உணவு" என்றான். மூன்றாம் நாள் காரணமே இல்லாமல் அவனை வாசலில் வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினாள், மூதி என்றாள், கெட்டு அலைஞ்சவனே என்றாள், ஆறு வருஷம் பெத்தவளைத் தவிக்க விட்ட பாவி என்றாள். அவன் தலையை ஆட்டி, "தங்கள் ஆர்வத்துக்கு நன்றி" என்றான். தெருவில் உட்கார்ந்திருந்த வெள்ளைச் சட்டைகள் எல்லாம் அதே நேரத்தில் தலையை ஆட்டின. நாலாம் நாள் மத்தியானம் பூசணிக்காய்க் கூட்டு வைத்தாள். சின்ன வயசிலிருந்து பூசணிக்காய் வாசம் பட்டாலே அவன் வீட்டைவிட்டு வெளியே ஓடிப் போய்விடுவான். இவனை நாற்காலியில் உட்காரவைத்து, முன்னால் சோற்றைப் போட்டுக் குழம்பு ஊற்றி, கூட்டை அள்ளி வைத்துவிட்டு, அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். அவன் ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தான், மென்றான், புன்னகை செய்தான்.

யுவானம்மாள் சுவரோரமாக உட்கார்ந்தாள். பிறகு மருமகளைப் பார்க்காமலேயே சொன்னாள்: "ஏட்டி, நான் போட்டேன்னு தின்னுதான். இவனுக்குப் பசியே இல்ல."

"ஆமா மாமி."

"எம்மவனுக்கு எம்மேல கோவம் வரும். சின்னதுலயிருந்து வரும். இவனுக்கு வரல." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "எந்திரி. போயி அதைப் பழையபடி எழுது. நானும் வாரேன்."

தட்டின் முன்னால் அவனை அப்படியே விட்டுவிட்டு இருவரும் உச்சிவெயிலில் நடந்தார்கள். அலங்காரம் பர்னாந்து வாசலில் மறித்தார். "அம்மா, நூறு சதம் ஆன தளத்துல போயி கைவைக்கலாமா? ஒரு பக்கம் மட்டும் ஒரு மாதிரி இருந்தா ஒன்றியத்துக்கே அசிங்கம்லா?"

"ஏ அலங்காரம், உனக்கு மூக்கு சிந்திவிட்டவ நான். தள்ளி நில்லு" என்றாள் யுவானம்மாள். அவர் தள்ளி நின்றார்.

கித்தேரி பக்கத்தைத் திறந்தாள். எழுதினதை எல்லாம் அழித்தாள். பழைய வரிகள் அவளுக்கு மனப்பாடம், ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போனாள், தட்டத் தட்ட உரக்கச் சொன்னாள், கோயிலில் பாடிய தனி ராகத்தை, கேட்காத பேச்சுகளை, ஐப்பசி பதினேழை. "போறதுன்னா போங்க, திரும்பி வராதிய" என்று தான் சொன்னதையும் நிறுத்தாமல் சொன்னாள். யுவானம்மாள் பக்கத்து நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

"அம்மையைக் கிழவின்னு கூப்பிடுவான், அதையும் போடு" என்றாள். "தெரு முக்கு திரும்பும்போதே, ஏ கிழவி சோறு வெந்துச்சான்னு கத்திக்கிட்டு வருவான். போட்டியா?"

"போட்டாச்சு மாமி." கித்தேரியின் விரல் நின்றது. "கடைசி வரி இருக்கு."

"எழுது."

"நீங்க சொல்லுங்க. நான் மட்டும் எழுதி, நீங்க வீட்டுல தட்டு வச்சுக்கிட்டு இருந்தா, அவிய நடுவழியில கிடந்து சீரழிவாவ மாமி. நீங்கதான் சொல்லணும்."

யுவானம்மாளின் கை தானாகக் காதுவரை போயிற்று. போன கையை அவளே பார்த்து, கீழே இறக்கி, மடியில் வைத்து, மற்றக் கையால் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு, ஆறு வருஷத்தையும் ஒரேயடியாகத் துப்புகிற மாதிரி சொன்னாள்:

"எம்மவன் இன்னாசி கடலுக்குப் போனான். வரல."

கித்தேரி அதைத் தட்டச்சு செய்து பதிவேற்றினாள்.

அவர்கள் வீடு வந்து சேர்ந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. நாற்காலியிலிருந்து நடைவழியாக வாசல்வரைக்கும், வாசலிலிருந்து தெருவழியாகக் கடல்வரைக்கும், இன்னாசிக்கே உரிய பெரிய பெரிய பாதங்கள் ஈரமாகப் பதிந்திருந்தன. வரும்போது நனையாமல் வந்தவன் போகும்போது சொட்டச் சொட்டப் போயிருந்தான். நீல நூல் தரையில் கிடந்தது. தட்டில் சோறு காலியாகியிருந்தது, குழம்பு வழிக்கப்பட்டிருந்தது. பூசணிக்காய்க் கூட்டு மட்டும் ஒரு துண்டு விடாமல் பொறுக்கி எடுத்துத் தட்டோரத்தில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது.

யுவானம்மாள் அந்தத் தட்டைப் பார்த்தாள். கையில் எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு தெருவுக்கு வந்து, சுடுமணலில் காலை நீட்டி உட்கார்ந்து, அழ ஆரம்பித்தாள். சும்மா அழுகையா அது? எல்லா வீட்டிலும் ஆள் வந்து சேர்ந்த பிறகு அந்த ஊரில் யாரும் வாய்விட்டு அழுது கேட்டதே இல்லை. எம்மவனே, எம்ராசாவே, பெத்தவளுக்குக் கொள்ளிவைக்க வேண்டியவனே, கடலுக்கு உன்னைக் குடுத்துட்டு நான் கஞ்சி குடிச்சேனே என்று அவள் மாரில் அடித்துக்கொண்டு அழ, கித்தேரி அவள் தோளைக் கட்டிக்கொண்டு, பாவி மனுசா, என் பேச்சையா கேட்ட, இந்தப் பேச்சையா கேட்ட என்று அழுதாள். இருவர் குரலும் ஒன்றோடொன்று சேரவில்லை, ஒன்று ஏறும்போது ஒன்று இறங்கியது.

தெருவில் இரண்டு பக்கமும் வாசல்களில் இருந்த இருபத்திரண்டு வெள்ளைச் சட்டைகளும் நாற்காலியைவிட்டு எழுந்து நின்றன. "தங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்" என்றார்கள், ஒரே வாயாக, இனிய முகத்தோடு. யுவானம்மாள் காதில் அது விழவே இல்லை. அவர்கள் இன்னொரு தரம் சொன்னார்கள். அவர்களுக்குப் பின்னால் கதவிடுக்குகளிலும் சன்னல்களிலும் பெண்கள் முகங்கள் வந்து நின்றன, ஒருத்தியும் வெளியே வரவில்லை, ஒருத்தியும் உள்ளேயும் போகவில்லை.

பிலோமிதான் முதலில் வந்தாள். வாசலை மறித்து நின்ற சிவப்பு நூல்காரனை ஒதுக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். குனிந்து ஒரு சின்னக் கல்லை எடுத்தாள், அவன் முதுகைப் பார்த்தாள், எறியாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். அவள் கூப்பிடாமலேயே அவன் திரும்பிப் பார்த்துப் புன்னகை செய்தான். அவள் மடமடவென்று நடந்து வந்து, அழுகிற இரண்டு பேருக்கும் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து, மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டுக் கேட்டாள்:

"மைனி, நாளைக்கு ஆபீசு எத்தனை மணிக்குத் திறப்பிய?"